ஆலோசனைக் கூட்டம் வரையப்பட்டிருந்தால் முதலில் நடுவைப் பாருங்கள்

கேட்கப்பட்ட கேள்வி இரண்டு பங்காக இருக்கிறது. பலர் கூடி ஆலோசிக்கும் காட்சி எல்லா நாட்டுக் கலையிலும் வருகிறதே, அது எதற்குக் குறியீடு? அப்புறம், மேசையைச் சுற்றி ஆட்கள் இருக்கும் ஓவியங்களில் ஒரு பக்கம் மட்டும் காலியாக விடப்படுவது ஏன்?

இரண்டாவதற்கு எல்லோரும் சொல்லும் பதில் ஒன்று உண்டு. அந்தப் பக்கம் ஆளை உட்கார வைத்தால் முதுகுதான் தெரியும், மற்றவர்களையும் மறைத்துவிடும், அதனால் விட்டுவிட்டார்கள் என்பது. தவறில்லை. ஆனால் நல்ல ஓவியர்கள் அந்தக் காலி இடத்தைச் சும்மா விடவில்லை, அதை வைத்து ஒரு பெரிய விஷயத்தைச் சொல்லியிருக்கிறார்கள். அதைப் புரிந்துகொள்ள முதல் கேள்வியிலிருந்து தொடங்க வேண்டும்.

ஆலோசனை என்பதை வரைவது கடினம். போரை வரையலாம், திருமணத்தை வரையலாம், அங்கே உடம்புகள் ஏதாவது செய்துகொண்டிருக்கும். ஆலோசனையில் நடப்பதெல்லாம் பேச்சு. பேச்சு படத்தில் கேட்காது. பத்துப் பேர் சேர்ந்து உட்கார்ந்திருப்பதை மட்டும் வரைந்தால் அது விருந்தா, வழக்கா, துக்கம் விசாரிப்பதா என்று பார்ப்பவருக்குத் தெரியாது. பல மனங்கள் ஒரே விஷயத்தின் மேல் குவிந்திருக்கின்றன என்பதைக் கண்ணுக்குத் தெரியும்படி செய்தாக வேண்டும். இதற்குப் பல காலத்துக் கலைஞர்கள், ஒருவரை ஒருவர் அறியாமலேயே, ஏறக்குறைய ஒரே வழியைக் கண்டுபிடித்தார்கள். கூட்டத்தின் நடுவில் ஆளை வைக்காமல் வேறொன்றை வைத்தார்கள். அங்கிருக்கும் யாருக்கும் சொந்தமில்லாத, ஆனால் அங்கிருக்கும் எல்லோரும் கட்டுப்பட்ட ஒன்று. என் வாசிப்பில் ஆலோசனைக் காட்சிகளின் உயிர் இங்கேதான் இருக்கிறது. நடுவில் ஓர் ஆள் உட்கார்ந்துவிட்டால் அது பெரும்பாலும் தர்பார் ஆகிவிடுகிறது.

தர்பார் எப்படி இருக்கும் என்பதற்கு ஷாஜகான் காலத்துப் பாத்ஷாநாமா ஓவியங்களைப் பார்க்கலாம். லக்னோ நவாப் 1799-இல் இங்கிலாந்து அரசர் மூன்றாம் ஜார்ஜுக்கு அனுப்பிய அந்தச் சுவடி இப்போது விண்ட்சர் கோட்டை நூலகத்தில் இருக்கிறது. அதில் வரும் தர்பார் காட்சிகளில் பேரரசர் மேலே ஜரோக்கா மாடத்தில் அமர்ந்திருப்பார். கீழே கம்பித் தடுப்புகளுக்குள் பிரபுக்கள் பதவி வரிசைப்படி நிற்பார்கள். ஒவ்வொரு முகமும் தனித்தனியாக, அடையாளம் காணும்படி, அற்புதமாக வரையப்பட்டிருக்கும். ஆனால் அவர்கள் ஒருவரோடு ஒருவர் எதையும் யோசிக்கவில்லை. எல்லாக் கோடுகளும் மேலே இருக்கும் ஒருவரிடம் போய் முடிகின்றன. கலையாக உயர்ந்தது. ஆலோசனையின் குறியீடாக எடுத்துக்கொள்ள முடியாது.

இதற்கு நேர் எதிரான அமைப்பு நம் துணைக்கண்டத்திலேயே ஷாஜகானுக்கு ஏறக்குறைய ஆயிரத்து எழுநூறு ஆண்டுகளுக்கு முன்னால் இருக்கிறது. மத்தியப் பிரதேசத்தில் பர்ஹுத் என்ற இடத்தில் இருந்த பௌத்தத் தூபியின் கல்வேலி, பொது ஆண்டுக்கு முன் இரண்டாம், முதலாம் நூற்றாண்டுகளைச் சேர்ந்தது. ஆங்கிலேயத் தொல்லியலாளர் கன்னிங்ஹாம் 1870-களில் தோண்டி எடுத்தார், பெரும்பகுதி இப்போது கொல்கத்தா இந்திய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதில் ஒரு தூணில் தேவர்களின் சபை செதுக்கப்பட்டிருக்கிறது. சந்தேகமே வேண்டாம், ‘சுதம்ம தேவசபா’ என்று பிராமி எழுத்தில் கல்லிலேயே பெயர் வெட்டியிருக்கிறார்கள். விதானம் போட்ட மண்டபம், உள்ளே தேவர்கள். நடுவில் ஆசனம். ஆசனத்தில் யாரும் இல்லை, புத்தரின் முடி மட்டும் புனிதப் பொருளாக வைக்கப்பட்டிருக்கிறது. இந்திரன் அரசனாக இருக்கும் உலகத்தில், அவன் சபையின் நடுவிடம் அவனுக்குக் கிடைக்கவில்லை என்பதைக் கவனியுங்கள்.

ஆந்திராவில் உள்ள அமராவதியின் பௌத்தத் தூபிச் சிற்பங்களிலும் இந்தக் காலி ஆசனம் திரும்பத் திரும்ப வரும். அடியில் இரண்டு பாதச் சுவடுகள், மேலே ஆளில்லாத பீடம், சுற்றிலும் கைகூப்பிய கூட்டம். சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் ஒரு கூடமே அமராவதிக்காக இருக்கிறது, அதனால் நம் ஊர்க்காரர்கள் இதைப் புத்தகப் படத்தில் பார்க்க வேண்டிய அவசியமில்லை. புத்தரை உருவமாகக் காட்டக்கூடாது என்ற தயக்கம்தான் காரணமா என்பதில் அறிஞர்களுக்குள் நீண்ட வாதம் நடந்திருக்கிறது. அது எப்படி முடிந்தாலும், அந்த அமைப்பு கண்ணுக்குச் செய்யும் வேலை மாறாது. கூடியிருப்பவர்கள் எல்லோரும் ஒரே பக்கம் பார்க்கிறார்கள், அங்கே போட்டி போட ஆள் இல்லை.

இதையே கிறிஸ்தவ உலகம் தன் வழியில் செய்தது. ஆயர்கள் கூடிக் கொள்கைகளை முடிவு செய்த பெருஞ்சபைகளில், சுவிசேஷப் புத்தகத்தை ஒரு சிம்மாசனத்தில் நடுவில் வைக்கும் வழக்கம் இருந்தது. 431-இல் எபேசில் கூடிய சபையில் அப்படி வைக்கப்பட்டது என்று அதில் கலந்துகொண்ட ஆயர் சிரிலே எழுதியிருக்கிறார். சுமார் 880-இல் பைசாந்தியப் பேரரசர் முதலாம் பசிலுக்காகத் தயாரான ஒரு சுவடி பாரிஸ் தேசிய நூலகத்தில் இருக்கிறது. நாசியான்சுஸ் கிரகோரியின் உரைகள் அடங்கிய அந்தச் சுவடியில் 381-ஆம் ஆண்டு சபையை வரைந்திருக்கிறார்கள். அரைவட்டமாக ஆயர்கள், நடுச் சிம்மாசனத்தில் திறந்த புத்தகம். சபையைக் கூட்டிய பேரரசர் தியோதோசியஸ் பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார். பேரரசருக்குக் கொடுப்பதற்காகவே செய்த சுவடியில் பேரரசரை ஓரமாக உட்கார வைப்பது சின்ன விஷயமில்லை.

ஆனால் எல்லாச் சபை ஓவியங்களும் இப்படி என்று நினைத்துவிட வேண்டாம். 325-இல் நடந்த நிசேயா சபையைக் காட்டும் பிற்காலத் திருவோவியங்கள் பலவற்றில் பேரரசர் கான்ஸ்டன்டைன் நட்டநடுவில் நிற்பார், ஆயர்கள் விசுவாச அறிக்கையை நீளமாக விரித்துப் பிடித்திருப்பார்கள், தோற்ற கட்சியின் ஆரியுஸ் காலடியில் சுருண்டு கிடப்பார். அங்கே காட்டுவது வெற்றி. ஆலோசனை எப்போதோ முடிந்துவிட்டது.

ரபேல் வத்திக்கானில் 1509–10 வாக்கில் வரைந்த ‘திஸ்புத்தா’ சுவரோவியத்தையும் ஒரு வரியில் சேர்த்துக்கொள்ளலாம். திருத்தந்தையர், ஆயர்கள், இறையியலாளர்கள் எல்லோரும் ஒரு பலிபீடத்தின் இருபுறமும் கூடி விவாதிக்கிறார்கள். தரையில் போட்ட கோடுகளெல்லாம் போய்ச் சேரும் புள்ளியில் இருப்பது, பீடத்தின் மேல் வைத்த சின்ன வட்டமான நற்கருணை அப்பம். அத்தனை பெரிய சுவரில் ஒரு நாணயம் போலத் தெரியும் அந்த அப்பத்தை நோக்கித்தான் மொத்த இடமும் சரிகிறது. லியோனார்தோவின் இராவுணவு ஓவியத்தையும் இதே வரிசையில் சிலர் சேர்ப்பார்கள். நான் சேர்க்க மாட்டேன். அங்கே கோடுகள் கிறிஸ்துவின் தலையில் சேர்கின்றன, அவர் ஒரு செய்தியைச் சொல்லிவிட்டார், மற்றவர்கள் அதிர்ந்து போயிருக்கிறார்கள். யாரிடமும் யோசனை கேட்கப்படவில்லை.

சரி, இனி சியெனாவுக்கு வருகிறேன். ஆலோசனைக்குக் குறியீடு என்று ஒரே ஒரு ஓவியத்தைக் காட்டச் சொன்னால் நான் காட்டுவது இதைத்தான்.

இத்தாலியில் சியெனா நகரம் 1287 முதல் 1355 வரை ‘ஒன்பதின்மர்’ ஆட்சியில் இருந்தது. ஒன்பது பேர், இரண்டே மாதப் பதவி, அப்புறம் வேறு ஒன்பது பேர். பதவியில் இருக்கும் நாட்களில் வீட்டுக்குப் போகாமல் நகர மாளிகையிலேயே தங்க வேண்டும். யாரும் அதிகாரத்தில் வேர்விட்டுவிடக் கூடாது என்ற பயம் அந்த ஏற்பாட்டில் அப்படியே தெரிகிறது. அவர்கள் கூடிய அறையின் சுவர்களில் அம்புரோஜியோ லொரென்செத்தி 1338–39-இல் நல்லாட்சியையும் கொடுங்கோலாட்சியையும் வரைந்தார். யோசித்துப் பாருங்கள், இந்த ஓவியம் பொதுமக்கள் ரசிப்பதற்காகச் சந்தையில் வைத்ததில்லை. முடிவெடுக்கப் போகிறவர்கள் முடிவெடுக்கும் நேரத்தில் கண்ணை உயர்த்தினால் தெரிய வேண்டும் என்பதற்காகச் செய்தது.

ஜன்னலுக்கு எதிரே உள்ள சுவரில் இடப்பக்கம் நீதிதேவி அமர்ந்திருக்கிறாள். அவளுக்கு மேலே ஞானம் தராசைப் பிடித்திருக்கிறது. நீதி நிமிர்ந்து ஞானத்தையே பார்க்கிறாள். தராசின் இரு தட்டுகளிலிருந்தும் இரண்டு கயிறுகள் கீழே இறங்குகின்றன. கீழே உட்கார்ந்திருக்கும் ‘இணக்கம்’ என்ற பெண் அந்த இரண்டையும் சேர்த்து ஒரே கயிறாக்குகிறாள். அவள் மடியில் இருக்கும் பொருள்தான் எனக்கு மிகவும் பிடித்தது, தச்சரின் இழைப்புளி. மேடுபள்ளத்தைச் சீவிச் சமமாக்கும் கருவி. மேலே பரலோகத்து ஞானம், கீழே பட்டறைச் சாமான், இரண்டையும் ஒரே கயிற்றில் சேர்த்துவிட்டார்.

அவளிடமிருந்து அந்தக் கயிறு குடிமக்கள் கைக்குப் போகிறது. 24 பேர், இரண்டிரண்டு பேராக, கயிற்றைக் கைமாற்றிக்கொண்டே வலப்பக்கம் நடக்கிறார்கள். சியெனாவில் அதற்கு முன் 13-ஆம் நூற்றாண்டில் இருபத்து நால்வர் ஆட்சி என்று ஒன்று இருந்தது, அந்த நினைவு இதில் இருக்கலாம். முகங்கள் வேறு, வயது வேறு, உடை வேறு. உயரம் மட்டும் ஒன்று. எல்லாத் தலைகளும் ஒரே மட்டத்தில் இருக்கின்றன. மற்ற உருவங்களெல்லாம் தகுதிக்கேற்பப் பெரியதும் சின்னதுமாக இருக்கும் ஓவியத்தில் இது வேண்டுமென்றே செய்தது, இழைப்புளி வேலை செய்திருக்கிறது. கயிறு கடைசியில் போய்ச் சேருமிடம் ஒரு பெரிய வெண்தாடிக் கிழவர். கறுப்பும் வெள்ளையுமான அவர் உடை சியெனாவின் கொடி நிறம். காலடியில் இரட்டைக் குழந்தைகளுக்குப் பாலூட்டும் ஓநாய். அவர் மன்னர் இல்லை, அந்த நகரமும் அதன் பொதுநலமும் சேர்ந்த உருவம். கயிறு அவர் கைமணிக்கட்டில் கட்டப்பட்டிருக்கிறது, அதுவும் செங்கோல் பிடித்த கையில்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும். கயிற்றைக் குடிமக்கள் பிடித்திருக்கிறார்கள், அவர்கள் அதில் கட்டப்படவில்லை. கட்டப்பட்டிருப்பது ஆட்சியின் கை. குடிமக்களில் யாராவது விட்டுவிட்டால் கயிறு தொய்யும், செங்கோலுக்கும் நீதியின் தராசுக்கும் உள்ள தொடர்பு போய்விடும். ஓவியத்தின் வலது ஓரத்தில் வீரர்களின் காவலில் கைதிகள் கட்டுண்டு நிற்கிறார்கள், அங்கேயும் கட்டுதான். விரும்பிப் பிடிக்கும் பிணைப்பு ஒரு பக்கம், வலுக்கட்டாயமாகக் கட்டிய பிணைப்பு ஒரு பக்கம், இரண்டையும் ஒரே சுவரில் வைத்த ஓவியர் எவ்வளவு நேர்மையானவர்! இணக்கமான நகரத்திலும் சிறை உண்டு என்பதை அவர் மறைக்கவில்லை.

இன்னொரு சுவரில் கொடுங்கோன்மை. கொம்பு, கோரைப்பல், மாறுகண். அதன் காலடியில் நீதிதேவி கட்டிப்போடப்பட்டுக் கிடக்கிறாள், தராசு உடைந்துவிட்டது, கயிறு அறுந்துவிட்டது. கொடுங்கோன்மையைச் சுற்றி கொடூரம், துரோகம், வஞ்சகம், வெறி, போர் என்று உட்கார்ந்திருக்கின்றன. அந்தக் கும்பலில் ‘பிரிவினை’ என்ற பெண் நகரத்தின் அதே கறுப்பு வெள்ளையை உடுத்தியிருக்கிறாள். உடையின் ஒரு பாதியில் ‘ஆம்’, மறுபாதியில் ‘இல்லை’ என்று எழுதியிருக்கிறது. கையில் தச்சரின் ரம்பம், தன் உடம்பையே அறுத்துக்கொண்டிருக்கிறாள். ஒரே பட்டறையிலிருந்து எடுத்த இரண்டு கருவிகள், ஒன்று சமமாக்குகிறது, ஒன்று இரண்டாக்குகிறது. இந்தச் சுவரில் கயிறு பிடித்த குடிமக்கள் வரிசை கிடையாது. எத்தனை பேர் கூடியிருந்தாலும் ஆலோசனை இல்லாத இடம் இது என்பதை, இருக்க வேண்டிய ஒன்றை இல்லாமல் செய்து சொல்லிவிட்டார். 1348-இல் பெரும் கொள்ளைநோய் சியெனாவைத் தாக்கியபோது லொரென்செத்தியும் இறந்திருக்க வேண்டும் என்று கருதுகிறார்கள். ஒன்பதின்மர் ஆட்சி அதற்கப்புறம் ஏழு ஆண்டுகள்தான் தாங்கியது.

கூட்டம் இருக்கும், நடு காலியாக இருக்கும், ஆனாலும் ஆலோசனை இருக்காது என்று ஒரு நிலை உண்டு. அதற்குப் பிரெஞ்சு ஓவியர் டோமியேயைப் பார்க்க வேண்டும். பிரெஞ்சு அரசரைக் கேலிச்சித்திரம் வரைந்ததற்காக 1832-இல் சிறைக்குப் போனவர், வெளியே வந்து 1834-இல் ‘சட்டமன்ற வயிறு’ என்ற கல்லச்சுப் படத்தை வெளியிட்டார். ஆளுங்கட்சி வரிசைகளில் 35 உறுப்பினர்கள், அரைவட்டப் படிகளில், ஏறக்குறைய பைசாந்தியச் சுவடியின் ஆயர்களைப் போலத்தான் அமர்ந்திருக்கிறார்கள். சிலர் தூங்குகிறார்கள், சிலர் பக்கத்து ஆளோடு முணுமுணுக்கிறார்கள், வயிறுகள் முன்னால் தள்ளி நிற்கின்றன. கண்கள் ஆளுக்கொரு திசை. அவர்களுக்கு முன்னால் இருக்கும் வெற்றிடத்தை யாரும் பார்க்கவில்லை. புனிதமான காலி ஆசனத்துக்கும் இந்த வெற்றிடத்துக்கும் உள்ள வேறுபாட்டைச் செய்வது பார்வைகள்தான். ஆலோசனை ஓவியத்தில் நடுவைப் பார்த்த கையோடு கண்கள் எங்கே போகின்றன என்றும் பார்க்கச் சொல்வது இதற்காகத்தான்.

இப்போது மேசையின் காலிப் பக்கம்.

ருஷ்யாவில் 15-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்திரேய் ருப்லேவ் வரைந்த ‘திரித்துவம்’ திருவோவியத்தில் மூன்று தேவதூதர்கள் ஒரு மேசையைச் சுற்றி அமர்ந்திருக்கிறார்கள். கதை பழைய ஏற்பாட்டில் உள்ளது. ஆபிரகாம் வீட்டுக்கு மூன்று விருந்தினர் வந்தார்கள், அவர் கன்றை அடித்து விருந்து வைத்தார். பழைய ஓவியங்களில் ஆபிரகாமும் சாராளும் பரிமாறுவது, வேலைக்காரன் கன்றை அடிப்பது எல்லாம் இருக்கும். ருப்லேவ் அத்தனையையும் எடுத்துவிட்டார். மேசையில் ஒரே ஒரு கிண்ணம், அதில் கன்றின் தலை. விருந்து போய் ஆலோசனை வந்துவிட்டது. மனிதருக்காகத் தன்னைப் பலியாகத் தருவது யார் என்று தந்தை, மகன், தூய ஆவி என்ற இறைவனின் மூன்று ஆட்களும் காலத்துக்கு முன்பே கூடி முடிவு செய்த கணம் என்றுதான் ருஷ்யத் திருச்சபை மரபில் பலர் இதைப் படிக்கிறார்கள். யாரும் வாய் திறக்கவில்லை. தலைகள் சாய்ந்திருக்கும் விதத்திலேயே சம்மதம் ஒரு சுற்று வருகிறது. நடுவில் கிண்ணம். இடவலத் தூதர்களின் உடம்பின் உள்கோடுகளை மட்டும் கண்ணால் தொடர்ந்தால் அதுவே இன்னொரு பெரிய கிண்ணமாகத் தெரியும், நடுத்தூதர் அதற்குள் இருப்பார்.

மேசையின் முன்பக்கம் திறந்திருக்கிறது. நான்காவது இடம். ஓவியத்துக்கு முன்னால் நின்று ஜெபிப்பவர் சரியாக அங்கேதான் நிற்கிறார். யாருக்காக ஆலோசனை நடக்கிறதோ அவருக்கு அந்த மேசையில் இடம் விடப்பட்டிருக்கிறது. இந்தப் பலகை நூற்றாண்டுக் கணக்கில் மேல்பூச்சுக்கும் பொற்கவசத்துக்கும் அடியில் இருந்தது, 1904-இல்தான் சுத்தம் செய்யத் தொடங்கினார்கள். தூதர்களின் உடையில் நாம் இன்று காணும் அந்த நீலம் நம் கொள்ளுப்பாட்டி காலத்தவர்களுக்குக் கூடத் தெரியாது.

ருப்லேவ் பக்திக்காகத் திறந்து வைத்த அதே பக்கத்தை, இரண்டரை நூற்றாண்டு கழித்து ஆம்ஸ்டர்டாமில் ரெம்பிராண்ட் துணி வியாபாரத்துக்காகத் திறந்து வைத்தார். 1662-இல் வரைந்த ‘துணி ஆய்வாளர்கள்’ ரைக்ஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது, அகலம் ஏறக்குறைய 2.8 மீட்டர். சாயம் போட்ட துணியின் மாதிரியைப் பார்த்துத் தரம் சொல்வது இந்த ஐவரின் வேலை. நகர நிர்வாகம் நியமிக்கும் ஓராண்டுப் பதவி. ஆறாவதாகப் பின்னால் தொப்பி இல்லாமல் நிற்பவர் அவர்களின் பணியாளர்.

அந்தக் காலத்து டச்சுக் குழு ஓவியங்களில் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. படத்தில் இருப்பவர்கள் பணம் கொடுத்து வரையச் சொன்னவர்கள், எல்லோருக்கும் முகம் நன்றாகத் தெரிய வேண்டும். அதனால் பெரும்பாலான படங்கள் வரிசையாக உட்கார வைத்த தலைகளாக நின்றுவிடும். ரெம்பிராண்ட் இங்கே அவர்களை வேலை நடுவில் பிடிக்கிறார். திறந்த புத்தகம் மேசையில், அதன் பக்கங்களில் ஒருவர் கை, தலைவர் புத்தகத்தின் மேல் கையை விரித்து எதையோ விளக்குகிறார். அந்த நேரத்தில் நம் பக்கத்திலிருந்து யாரோ வந்துவிட்டது போலிருக்கிறது, எல்லோரும் நிமிர்ந்து பார்க்கிறார்கள். ஒருவர் பாதி எழுந்துவிட்டார். படம் உயரத்தில் மாட்டப்படும் என்பதால் மேசையைக் கீழிருந்து பார்ப்பது போல வரைந்திருக்கிறார், மேசைமேல் புத்தகத்தைத் தவிர வேறென்ன இருக்கிறது என்று நமக்குத் தெரியாது. அவர்களுக்குத் தெரியும். மேசை விரிப்பின் அந்தச் சிவப்பு ஒரு சுவர் போல நமக்கும் அவர்களுக்கும் நடுவில் நிற்கிறது.

யார் வந்தது? கலை வரலாற்றாளர் அலோயிஸ் ரீகல் 1902-இல் எழுதிய ஆய்வில், படத்துக்கு வெளியே உள்ள ஒரு தரப்புக்கு இவர்கள் பதில் சொல்கிறார்கள் என்ற வாசிப்பை விரிவாக வைத்தார். பின்னால் வந்த வான் த வால், அவர்கள் கூடியது தனி அறை, அங்கே எதிரே கூட்டம் எதுவும் உட்கார வாய்ப்பே இல்லை என்று மறுத்தார். வரலாற்றுப்படி வான் த வால் சொல்வது சரி. ஆனால் ஓவியமாக ரீகல் சொன்னதில் ஒரு உண்மை மிஞ்சுகிறது என்று நினைக்கிறேன். நடுவில் எதை வைப்பது என்ற பழைய கேள்விக்கு ரெம்பிராண்ட் புதிய பதில் தருகிறார். ஆறு ஜோடிக் கண்களும் சேரும் இடம் படத்துக்குள் இல்லை, நாம் நிற்கும் இடம் அது. துணி வாங்கப் போகிறவர் நிற்கும் இடம். அவர்கள் யாருக்குப் பொறுப்பு என்பதை இதைவிடத் தெளிவாக வரைய முடியாது.

இந்த ஐவரைப் பற்றி ஆவணங்களிலிருந்து தெரிந்த ஒரு விவரம் ஓவியத்தை இன்னும் கனமாக்குகிறது. இருவர் கத்தோலிக்கர், மற்ற மூவரும் புராட்டஸ்டன்ட்டுகள், ஆனால் மூன்று வெவ்வேறு பிரிவுகள்: ஒருவர் சீர்திருத்தத் திருச்சபைக்காரர், ஒருவர் மெனனைட், ஒருவர் ரெமான்ஸ்ட்ரன்ட். மத வேறுபாட்டுக்காக ஐரோப்பா தலைமுறைகளாக ரத்தம் சிந்திய காலம் அப்போதுதான் முடிந்திருந்தது. ஒரே கோவிலில் சேர்ந்து கும்பிட முடியாத ஐந்து பேர், ஒரே கறுப்பு உடையில், ஒரே மேசையில், ஒரு துணியின் நீலம் சரியா இல்லையா என்று ஒத்துப்போகிறார்கள். ரெம்பிராண்ட் அதை ஒரு சின்னம் கூட வைத்துக் காட்டவில்லை. வலது மேல் மூலையில் சுவரில் எரியும் கலங்கரை விளக்கப் படம் ஒன்று இருக்கிறது, அது விழிப்போடு இருப்பதற்கான அடையாளம், எல்லோருக்கும் பொது. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்ததில் அவர் ஆட்களின் இடத்தை, முக்கியமாகப் பணியாளரின் இடத்தை, மாற்றி மாற்றி வரைந்தது தெரிந்தது. தலைகள் ஏறக்குறைய ஒரே மட்டத்தில், ஆனால் வரிசை போல விறைப்பாக இல்லாமல் நிற்பதற்கு அவ்வளவு உழைப்பு தேவைப்பட்டிருக்கிறது. சியெனாவின் சமமான தலைகள் இங்கே மூச்சு விடுகின்றன.

சமமான தலை என்றதும் மேற்கு ஆப்பிரிக்காவைச் சொல்லாமல் விட முடியாது. மாலி நாட்டில் பந்தியாகரா மலைச்சரிவில் வாழும் டோகன் மக்களின் ஊர்களில் ‘தோகுனா’ என்ற ஆலோசனைப் பந்தல் இருக்கும். தினைத்தட்டைகளை அடுக்கடுக்காகப் போட்ட கனமான கூரை, வேண்டுமென்றே மிகத் தாழ்வாக வைத்தது. உள்ளே உட்காரத்தான் முடியும். கோபத்தில் விருட்டென்று எழுந்தால் தலை இடிக்கும். லொரென்செத்தி வண்ணத்தில் செய்ததை இவர்கள் கூரையால் செய்துவிட்டார்கள், அதுவும் வெறும் பார்வைக்கு இல்லை, முதுகிலும் கழுத்திலும் உணரும்படி. கானாவின் அசாந்தே அரசவையில் அரசரின் சார்பாகப் பேசுபவர் ‘ஒக்யாமே’. அவர் பிடிக்கும் மரக்கோல் தங்கத் தகடு போர்த்தியது, உச்சியில் ஒரு பழமொழி சிற்பமாக நிற்கும். கைக்குள் முட்டை வைத்த கோல் உண்டு, அதிகாரத்தை இறுக்கிப் பிடித்தால் உடையும், தளர்த்தினால் விழும் என்று பொருள். பல தலைகள் சேர்ந்த கோலும் உண்டு, ஒற்றைத் தலை ஆலோசனைக்குப் போகாது என்ற பழமொழியின் உருவம் அது. சபையில் வாயைத் திறக்கும் முன்பே அந்தக் கோல் பேசிவிடும்.

கேள்வியில் இல்லாத ஒன்றையும் இங்கே சொல்ல வேண்டும், ஏனென்றால் இத்தனை படங்களையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் அது உறுத்தும். சியெனாச் சுவரில் ஞானம், நீதி, இணக்கம், அமைதி எல்லாம் பெண் உருவங்கள். கயிறு பிடித்த 24 பேரும் ஆண்கள். தோகுனாவில் கூரையைத் தாங்கும் தூண்களில் பெண் உருவங்களைச் செதுக்குவார்கள், உள்ளே உட்காருவது ஆண்கள் மட்டும். இரண்டு கண்டங்களில், எந்தத் தொடர்பும் இல்லாமல், ஆலோசனையின் குணங்களுக்குப் பெண்ணின் உடலைக் கொடுத்துவிட்டு ஆலோசனையில் பெண்ணுக்கு இடம் கொடுக்காமல் இருந்திருக்கிறார்கள். குறியீடாக உயர்த்தி வைப்பது சில நேரம் வெளியே நிறுத்தி வைப்பதற்கான வழியாகவும் ஆகிவிடுகிறது.

விதிவிலக்காக, உண்மையான பெண்கள் பெயரோடும் முகத்தோடும் நிர்வாகக் குழுவாக உட்கார்ந்திருக்கும் பழைய ஓவியம் தேடுபவர்கள் ஹார்லெம் நகரத்தின் ஃபிரான்ஸ் ஹால்ஸிடம் போக வேண்டும். 1664-இல், எண்பது வயதைத் தாண்டிய பிறகு, அங்கிருந்த முதியோர் இல்லத்தின் ஆண் நிர்வாகிகளை ஒரு படமாகவும் பெண் நிர்வாகிகளை ஒரு படமாகவும் வரைந்தார். ஆண்கள் படம் தளர்ந்து கிடக்கிறது. பெண்கள் படத்தில் கறுப்பு உடையும் வெள்ளைக் கழுத்துப்பட்டையுமாக இருக்கும் அந்த முதிய முகங்களுக்கு ரெம்பிராண்டின் ஐவருக்கு உள்ள அதே எடை இருக்கிறது, சில இடங்களில் கூடுதலாகவும். அவர்கள் எந்தக் குணத்துக்கும் உருவகம் இல்லை. இல்லத்தின் கணக்கையும் அடுப்பையும் படுக்கையையும் பற்றி முடிவெடுத்தவர்கள். அந்த முதியோர் இல்லக் கட்டடமே இன்று ஃபிரான்ஸ் ஹால்ஸ் அருங்காட்சியகம், இரண்டு படங்களும் அங்கேதான் இருக்கின்றன. ஆம்ஸ்டர்டாமிலிருந்து ரயிலில் கால் மணி நேரம்தான், ரைக்ஸ் அருங்காட்சியகத்தில் துணி ஆய்வாளர்களைப் பார்த்த அன்றே இவர்களையும் பார்த்துவிடலாம்.